ஊரை இழந்தும் பெயரை விடாத ரெய்பாஸ்: கேள்வி பதில்

பின்லாந்துக் கால்பந்து என்றாலே பேச்சு ஹெல்சிங்கியின் எச்.ஜே.கே. பக்கம் போய்விடும். 33 முறை லீக் சாம்பியன் ஆன கிளப், பேசத்தான் வேண்டும். ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது லாஹ்தி நகரத்து ரெய்பாஸ். அதன் வரலாறு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

திருச்சியிலிருந்து: அண்ணே, பின்லாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் யாரி லித்மனென் முதலில் ஆடிய கிளப் என்பதைத் தவிர ரெய்பாஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எப்போது ஆரம்பித்தார்கள்?

1891இல், தம்பி. பின்லாந்துக் கால்பந்துச் சங்கமே 1907இல்தான் வந்தது என்றால் எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கியது, கால்பந்து பிறகு சேர்ந்துகொண்டது. ஆனால் அது தொடங்கிய ஊர் லாஹ்தி இல்லை. 1891இல் லாஹ்தி ஒரு நகரமாகவே ஆகவில்லை, அதற்கு 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரெய்பாஸ் பிறந்தது வீபுரியில். பின்லாந்து வளைகுடாவின் கிழக்கு மூலையில், பழைய கோட்டையும் துறைமுகமும் கொண்ட வியாபார நகரம். போருக்கு முன்பு ஹெல்சிங்கிக்கு அடுத்த பெரிய ஊர்களில் ஒன்று. இன்று அது ரஷ்யாவில் இருக்கிறது. அங்கே வைபோர்க் என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஒரு கிளப் ஊர் மாறுவது என்றால் எப்படி? மைதானம், உறுப்பினர், எல்லாவற்றையும் விட்டுவிட்டா போனார்கள்?

மைதானத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். உறுப்பினர்களை விடவில்லை, அதனால்தான் கிளப் பிழைத்தது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 1940 மார்ச் 13 அன்று போர் நின்றபோது, ஒப்பந்தப்படி வீபுரியையும் கரேலியாவின் பெரும்பகுதியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கிட்டத்தட்ட எல்லோருமே மூட்டைமுடிச்சுடன் மேற்கே கிளம்பிவிட்டார்கள். நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கும் மேல். 1941இல் பின்லாந்துப் படை அந்த நிலத்தைத் திரும்பப் பிடித்தது, பலர் வீடு திரும்பினார்கள். 1944 ஜூனில் வீபுரி மறுபடி விழுந்தது. இரண்டாவது தடவை மூட்டை கட்டினார்கள், அதன்பின் திரும்பவே இல்லை.

ஆட்கள் எங்கே போய் இறங்கினார்களோ அங்கே கிளப்புகளும் போயின. இல்வெஸ் கிஸ்ஸாட் தாம்பெரே நகருக்குப் போய், 1950இல் லீக் சாம்பியனும் ஆனது. சுடெட் என்று இன்னொரு வீபுரி அணி, ஊர் பறிபோன அதே 1940இல் நாட்டின் சாம்பியன். அந்தப் பட்டியலில் 1940க்கு எதிரே வீபுரியின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ரெய்பாஸ் வந்து சேர்ந்த இடம் லாஹ்தி. ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே சுமார் 100 கி.மீ.

ரெய்பாஸ் மட்டும் வரவில்லை. ஸ்டார்க்யோஹான் என்ற பெரிய வணிக நிறுவனமும் வீபுரியிலிருந்து லாஹ்திக்குத்தான் வந்தது. வீபுரியின் இசைப் பள்ளியும் வந்தது. ஒரு நகரத்தின் கடை, பாட்டு, பந்து எல்லாம் இன்னொரு நகரத்தில் வந்து குடியேறின என்றே சொல்லலாம். அகதிகளுக்கு நிலம் கொடுக்க அரசு 1945இல் சட்டம் போட்டது, ஆனால் அது வயலுக்கும் வீட்டுக்கும்தான். கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர்கள் அதன் ஆட்களேதான். பெயரை மாற்றி உள்ளூர்ப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். மாற்றவில்லை.

கோவையிலிருந்து: புது ஊரில் ஜெயித்தார்களா?

முதல் லீக் பட்டம் 1963இல். பிறகு 1967, 1970. வீபுரியில் கிடைக்காதது லாஹ்தியில் மூன்று முறை கிடைத்தது.

ஆனால் ரெய்பாஸின் தனிச்சிறப்பு கோப்பைப் போட்டிதான். பின்லாந்துக் கோப்பை 1955இல் தொடங்கியது. ரெய்பாஸ் அதை 1964இல் ஒரு முறை எடுத்தது, அப்புறம் 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1978இல் ஏழாவது. நாக் அவுட் போட்டியில் ஒரு மோசமான மாலை போதும், வருடமே போய்விடும். அப்படிப்பட்ட போட்டியில் ஐந்து வருடம் ஒரு மோசமான மாலைகூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். லீக் பட்டங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சென்னையிலிருந்து: சார், லாஹ்தி அணி ஒன்று ஐரோப்பியக் கோப்பையில் கால் இறுதி வரை போனது என்று படித்தேன். அது ரெய்பாஸா?

இல்லை, அது அதே ஊரின் இன்னொரு கிளப், கூசுசி. 1934இல் உள்ளூரிலேயே பிறந்தது. நடுவில் சில காலம் ஊப்போ தொழிற்சாலையின் பெயரில் ஆடி, 1969இல் லாஹ்தி-69 என்று பெயர் மாற்றி, பிறகு கூசுசி ஆனது. ரெய்பாஸ் தளர்ந்த 1980களில் இவர்கள்தான் ராஜா. 1982, 1984, 1986, 1989, 1991 என்று ஐந்து லீக் பட்டம். இஸ்மோ லியுஸ் என்ற கோல் அடிப்பவர் அந்த அணியின் உயிர்.

நீங்கள் படித்தது 1985–86 சீசன். முதல் சுற்றில் யுகோஸ்லாவியச் சாம்பியன் சரயேவோவை வீழ்த்தினார்கள். அடுத்து சோவியத் சாம்பியன் ஸெனித் லெனின்கிராட். அங்கே 1–2 என்று தோற்றுவிட்டு வந்தார்கள். லாஹ்தியில் கூடுதல் நேரம் வரை இழுத்து 3–1 என்று ஜெயித்தார்கள். வீபுரி இருப்பது லாஹ்திக்கும் லெனின்கிராடுக்கும் இடையில் என்பதை வரைபடத்தில் ஒரு தடவை பாருங்கள். அந்த இரவு கூசுசிக்காரர்களோடு ரெய்பாஸ் குடும்பங்களும் சேர்ந்து கத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கால் இறுதியில் ருமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்ட். வெளியூரில் 0–0. திரும்ப ஆட்டம் 1986 மார்ச்சில், லாஹ்தியில் இல்லாமல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மைதானத்தில். 30 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். 85 நிமிடம் வரை கோல் இல்லை. 86ஆவது நிமிடத்தில் பிட்சுர்கா அடித்தார், முடிந்தது கதை. இரண்டு ஆட்டம் சேர்த்து 0–1. அந்த ஸ்டேவாதான் இரண்டு மாதம் கழித்து செவில்லில் பார்சிலோனாவைப் பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கியது. ஐரோப்பியச் சாம்பியனுக்கு எதிராக 180 நிமிடத்தில் ஒரே ஒரு கோல் விட்டுக்கொடுத்த அணி கூசுசி. அந்தக் கோப்பையில் வேறெந்த பின்லாந்து அணியும் கால் இறுதி வரை வந்ததில்லை.

மதுரையிலிருந்து: அண்ணா, லித்மனென் ரெய்பாஸ் பையன் என்று சொல்கிறீர்கள். அயாக்ஸ்தானே அவரை உருவாக்கியது?

அயாக்ஸ் மெருகேற்றியது, அதை மறுக்க மாட்டேன். 1993–94இல் டச்சு லீக்கில் அதிக கோல், 1995இல் சாம்பியன்ஸ் லீக், அதே வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாக்கெடுப்பில் வேயா, கிளின்ஸ்மன் இருவருக்கும் அடுத்து மூன்றாம் இடம். ஆனால் அவருடைய அப்பா ஒலாவி ரெய்பாஸ் நடுக்களத்தில் ஆடி தேசிய அணிக்கும் போனவர். அம்மா லீசாவும் ரெய்பாஸில் கால்பந்து ஆடியவர். சாப்பாட்டு மேசையிலேயே பயிற்சி நடக்கும் வீடு! 1987இல், 16 வயதில், ரெய்பாஸின் பெரிய அணியில் இறங்கினார். 1990 வரை அங்கேதான். பிறகு எச்.ஜே.கே., மைபா, 1992இல் ஆம்ஸ்டர்டாம்.

பந்து காலுக்கு வருமுன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவார். பழைய காட்சிகள் கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் அவர் கழுத்தை மட்டும் பாருங்கள், புரியும். பின்லாந்துக்காக 137 ஆட்டம், 32 கோல். கடைசிக் காலத்தில் லாஹ்திக்கே திரும்பி வந்து ஆடினார். 2010இல் கிசாபுயிஸ்தோ மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சேலத்திலிருந்து: இப்போது லீக் அட்டவணையில் ரெய்பாஸும் இல்லை, கூசுசியும் இல்லையே?

1996இல் இரண்டையும் சேர்த்து எஃப்.சி. லாஹ்தி என்று ஒரே அணியாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் பின்லாந்துப் பொருளாதாரம் படுத்துவிட்டது. சோவியத் வியாபாரம் ஒரேயடியாக நின்றது, வங்கிகள் ஆட்டம் கண்டன, வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சுமார் ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் இரண்டு பெரிய அணிகளுக்கு விளம்பரப் பணம் எங்கிருந்து வரும்? கணக்குப் பார்த்தால் இணைப்பு சரி. நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் கை தூக்கியிருப்பேன்.

ஆனாலும் வலிக்கிறது. போரில் ஊரையே இழந்தபோது காப்பாற்றிய பெயரை, அமைதிக் காலத்தில் முதல் அணியின் சட்டையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. இரண்டு கிளப்புகளும் அதற்குப் பிறகும் சிறுவர் அணிகளிலும் கீழ்நிலைப் பிரிவுகளிலும் தங்கள் பெயரில் தொடர்ந்தன என்பது ஓர் ஆறுதல். எஃப்.சி. லாஹ்தி இதுவரை லீக் பட்டம் வெல்லவில்லை. லீக் கோப்பை என்ற தனிப் போட்டியை மட்டும் 2007, 2013, 2016இல் வென்றிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து: மைதானம் எப்படி இருக்கும்? பார்க்க ஆசை.

எஃப்.சி. லாஹ்தி ஆடும் மைதானம் உண்மையில் பனிச்சறுக்கு அரங்கம். தலைக்கு மேலே மூன்று சறுக்குத் தாவல் கோபுரங்கள் சரிந்து நிற்கும். உலகப் பனிச்சறுக்குப் போட்டிகள் ஏழு முறை நடந்த ஊர் அது. கோடையில் பெரிய கோபுரத்தின் கீழே, வீரர்கள் பனியில் வந்து இறங்கும் இடத்தில், திறந்தவெளி நீச்சல்குளம் இருக்கும்! ஒரு பக்கம் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கால்பந்து. கிசாபுயிஸ்தோ வேறு மைதானம், 1952 ஒலிம்பிக்கில் கால்பந்து அங்கேயும் நடந்தது.

ஈரோட்டிலிருந்து: அந்த 1952 ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியதா?

ஆடியது, ஆனால் லாஹ்தியில் இல்லை, ஹெல்சிங்கியில். யுகோஸ்லாவியாவிடம் 1–10. நம் ஆட்கள் பலர் வெறுங்காலுடன் இறங்கினார்கள்.

கொழும்பிலிருந்து: லாஹ்தி பெலிக்கன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கும் ரெய்பாஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரெய்பாஸின் ஹாக்கிப் பிரிவு 1970களில் தனியாகப் பிரிந்தது. அந்த வழியில் வந்ததுதான் பெலிக்கன்ஸ்.

தஞ்சாவூரிலிருந்து: எஃப்.சி. லாஹ்தி ஆட்டத்தை நாங்கள் தூக்கம் கெடாமல் பார்க்க முடியுமா?

தாராளமாக. குளிர்காலத்தில் மைதானம் உறைந்துவிடும் என்பதால் அங்கே சீசன் ஏப்ரலில் தொடங்கி இலையுதிர் காலம் வரை போகும். இங்கிலாந்து, ஸ்பெயின் லீக்குகள் ஓய்வெடுக்கும் ஜூன், ஜூலையில் இவர்கள் மும்முரமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே மாலை 6 மணி ஆட்டம் என்றால் இங்கே இரவு 8.30. சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம்.