உருளைக்கிழங்குப் பால்: டீக்குச் சரி, பேரனுக்கு வேண்டாம்

கேள்வி: மாதவரத்தில் இருக்கிறோம். எனக்கு 52 வயது. கொஞ்ச நாளாகப் பால் குடித்தாலே வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் பேதியும் ஆகிறது. ஆனால் டீயை விட முடியவில்லை. உருளைக்கிழங்கை அரைத்துப் பால் எடுப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். அதையே சர்க்கரை உள்ள என் கணவருக்கும் ஒன்றரை வயதுப் பேரனுக்கும் கொடுத்து, பால் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?

பதில்: பால் பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பாலுக்கு மாற்று தேடுகிறீர்கள்! உங்கள் டீக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மற்ற இருவருக்கும் அது சரிப்படாது.

நீங்கள் சொல்வது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத கோளாறு போலத் தெரிகிறது. நீலப் பாக்கெட்டை விட்டு ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதில் மாறுவது கொழுப்புதான். லாக்டோஸ் எல்லாவற்றிலும் 100 மில்லிக்கு 5 கிராமை ஒட்டியே இருக்கும். இரண்டு வாரம் பாலை அறவே நிறுத்திப் பாருங்கள். வயிறு அடங்கினால், முதலில் தயிர், மோர், அப்புறம் சாப்பாட்டோடு அரை டம்ளர் பால் என்று மெல்லத் திரும்புங்கள். புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதி உடைந்து குறைந்துபோவதால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பாலை நிறுத்தியும் பேதி நிற்காவிட்டால், அல்லது எடை குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள்.

இனி உருளைக்கிழங்கு. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈவா டோர்ன்பெர்க்கின் ஆராய்ச்சியிலிருந்து வந்த பானம் 2021-ல் கடைக்கு வந்தது. அதில் கிழங்கு கொஞ்சம்தான். கடுகு இனத்து எண்ணெயும் பட்டாணிப் புரதமும் சேர்த்து, எண்ணெய் பிரியாதபடி இயந்திரத்தில் நுண்துளிகளாக உடைக்கிறார்கள். கால்சியத்தையும் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் மிக்ஸியில் இது எதுவும் நடக்காது.

கணக்குப் பாருங்கள். 150 கிராம் கிழங்கில் புரதம் 3 கிராம், கால்சியம் 15 மில்லிகிராம் இருந்தால் அதிகம். அதை 600 மில்லி தண்ணீரில் அரைத்தால் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் புரதமும் 5 மில்லிகிராம் கால்சியமும் தேறும். அதே டம்ளர் பசும்பாலில் 6 கிராமுக்கு மேல் புரதமும் 240 மில்லிகிராம் வரை கால்சியமும் இருக்கின்றன. வெள்ளையாக இருக்கிறதே தவிர, இது மாவுத் தண்ணீர்தான்.

டீக்குச் செய்வதானால், வேகவைத்துத் தோலுரித்த ஒரு கிழங்கு, ஊறவைத்த முந்திரி ஐந்தாறு, ஒரு ஸ்பூன் எண்ணெய், துளி உப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடி மட்டும் அரையுங்கள். மிக்ஸியை ஓடவிட்டால் மாவுச்சத்து உடைந்து பசை மாதிரி ஆகிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டீயோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கஞ்சியாகும். டிகாஷனைத் தனியாகப் போட்டு, லேசாகச் சூடாக்கிய இந்தப் பாலைக் கடைசியில் கலக்குங்கள். டம்ளர் அடியில் கொஞ்சம் படியும், கலக்கிக் கலக்கித்தான் குடிக்க வேண்டும். டீக்கடை டீயின் ருசியை எதிர்பார்க்காதீர்கள். பச்சை பாரித்த, முளைவிட்ட கிழங்கு மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள சோலனைன் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

உங்கள் கணவருக்கு இது பாலைவிட மோசம். அரைத்து வடித்த கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அவருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது என்றால் சர்க்கரை போடாமல் அதையே குடிக்கட்டும். மாற்றுதான் வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத சோயா பானம் வாங்குங்கள். புரதத்தில் பாலுக்குக் கிட்டத்தில் வருவது அதுதான். பாக்கெட்டில் ‘பால்’ என்று தேடாதீர்கள். தேங்காய்ப்பால் மாதிரி விதிவிலக்கு தவிர, செடிவழிப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்க நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதில்லை. பின்பக்க அட்டவணையில் 100 மில்லிக்குக் கால்சியம் 120 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பேரன் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உங்கள் வயிற்றுக்காக அவன் பாலை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் இரண்டு வயது தாண்டியும் தொடரலாம். கிழங்குத் தண்ணீரால் வயிறு நிரம்பிவிட்டால் சோறு, பருப்பு, முட்டை எதுவும் இறங்காது. பால் குடித்தால் அவனுக்குத் தடிப்போ, மலத்தில் ரத்தமோ, மூச்சிரைப்போ வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டுங்கள். மூச்சிரைப்பு என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

உங்கள் வயதில் எலும்புக்குக் கால்சியம் எங்கிருந்து வரும் என்பதுதான் நீங்கள் கேட்காத கேள்வி. ஆடி மாதம் மட்டும் தேடுகிற கேழ்வரகுக் கூழை வாரத்தில் நான்கு நாள் குடியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. அசைவம் உண்டென்றால் காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு குழம்பு வையுங்கள். தலையை மட்டும் கிள்ளினால் போதும்.