வாசகர் கேள்விகள்: ஐம்பத்தொரு சதவீதம்

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். இடதுசாரிக் கட்சிக் கூட்டங்களில் ‘பொதுத்துறையைக் காப்போம், சமூகநீதியைக் காப்போம்’ என்று ஒரே மூச்சில் முழங்குகிறார்கள். ஒரு கம்பெனி யார் கையில் இருக்கிறது என்பதற்கும் சமூகநீதிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நீங்கள் நிரப்பிய விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கும் கட்டம் ஒன்று இருந்திருக்குமே, அதுதான் சம்பந்தம். வேலையில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் அரசமைப்புச் சட்டத்தின் 16(4) அரசின் கீழ் வரும் பணிகளைப் பற்றித்தான் பேசுகிறது. மத்தியப் பொதுத்துறையில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. தனியார் முதலாளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

அரசின் கையில் குறைந்தது 51 சதவீதப் பங்கு இருந்தால்தான் சட்டப்படி அது அரசு நிறுவனம். 2001இல் பால்கோ அலுமினிய நிறுவனத்தில் அரசு தன்னிடமிருந்து விற்றது சரியாக அந்த 51 சதவீதத்தைத்தான். வாங்கியது ஸ்டெர்லைட், விலை 551.5 கோடி ரூபாய். ஆலை இருக்கும் சத்தீஸ்கரின் கோர்பாவில் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு ஊழியர்களுக்கு இருக்கும் சமத்துவப் பாதுகாப்பு எங்களுக்குப் போய்விடுமே என்று உச்ச நீதிமன்றத்திலும் முறையிட்டார்கள். இது அரசின் பொருளாதாரக் கொள்கை, ஊழியரைக் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் மதிப்புப் போட்டவர்கள், அங்கே இனிமேல் வேலைக்கு வந்திருக்கக்கூடிய ஒரு பழங்குடிப் பையனின் இடத்துக்கு என்ன மதிப்புப் போட்டார்கள்? அந்தக் கணக்கை இந்தியாவில் விடாமல் கேட்பவர்களில் இடதுசாரிகள் முக்கியமானவர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

கேள்வி: பொதுத்துறையாக இருந்தால் போதுமா? கவுன்ட்டரில் நின்று கால் வலிப்பது எங்களுக்குத்தானே!

பதில்: எனக்கும் வலிக்கிறது. பாஸ்புக்கில் நாலு வரி பதிய மூன்று நாள் அலைந்தவன் நான், மெஷின் ரிப்பேராம். ஆனாலும் 1969 ஜூலை 19க்கு முன்பு இதைவிட மோசம். அன்று நாட்டுடைமை ஆன 14 வங்கிகளும் அதுவரை தொழிலதிபர்களுக்கும் வியாபாரிகளுக்கும்தான் தாராளமாகக் கடன் கொடுத்தன. சிறு விவசாயிக்கு வட்டிக்கடைதான் கதி. கிராமத்துக்குக் கிளை போனது பெரும்பாலும் அப்புறம்தான்.

என் கவலை கவுன்ட்டரைப் பற்றியது இல்லை. பெயர்ப்பலகையில் அரசு நிறுவனம் என்று இருக்கும்; உள்ளே கூட்டுகிறவர், காவல் நிற்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒரு பங்குகூட விற்காமலேயே சமூகநீதியைக் கழற்றிவிடும் வழி இது. இடதுசாரித் தொழிற்சங்கங்கள் இதையும் எதிர்க்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பங்கு விற்பனை என்றால் எழும் சத்தத்தில் பாதிகூட இதற்கு எழுவதில்லை. நிரந்தர ஊழியரின் சந்தாவில் ஓடும் சங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி கொஞ்சம் தூரத்து உறவு.

கேள்வி: இவ்வளவு பேசுகிறவர்களின் தலைமையில் தலித்துகள் எத்தனை பேர்?

பதில்: இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2019இல் தலித்தான டி. ராஜா பொதுச்செயலாளர் ஆனார். 1964இல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்கு முதல் தலித்தாக ராமச்சந்திர டோம் வந்தது 2022 கண்ணூர் மாநாட்டில். 58 வருடம்! வர்க்கம் தீர்ந்தால் சாதியும் தீரும் என்று நெடுநாள் நம்பியதன் விலை இது என்பேன். ஏன் இத்தனை தாமதம் என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் நீளமாக வரும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.