அட்டையை வெட்டாதீங்க

அன்புள்ள சார்,
எங்க யுனிவர்சிட்டி நூற்றாண்டு மலர் கமிட்டியில நானும் இருக்கேன். ஸ்டோர் ரூம்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பழைய போட்டோ கெடைச்சிருக்கு. பாதி பில்டிங், பாதி ஹாக்கி, ஃபுட்பால் டீம் குரூப் போட்டோ. பில்டிங் படத்துல ஒரு ஆள்கூட இல்ல, லீவு நாள் பாத்து எடுத்தாங்களா? டீம் போட்டோவையெல்லாம் ஏஐ வச்சு கலர் பண்ணப் போறோம். படம் ஒட்டியிருக்கற அட்டை பூரா பூச்சி அரிச்சு அசிங்கமா இருக்கு. அதை வெட்டிட்டு படத்தை மட்டும் ஸ்கேன் பண்றதா இருந்தா எத்தனை டிபிஐ வைக்கணும்?
ஒரு வாசகர்

தம்பி,

வெட்டிட்டீங்களா? இன்னும் இல்லைன்னா இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் கத்திரியை யார்கிட்டயாவது குடுத்து வைங்க. கொஞ்ச நாளா எனக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் ஞாபகத்துல வந்து தொந்தரவு பண்ணிட்டே இருக்கு, அந்த நேரம் பாத்து உங்க கடிதம். அதுக்கு அப்புறம் வரேன்.

பில்டிங்ல ஆள் இல்லாததுக்கு லீவு காரணமா இருக்கணும்னு இல்ல. ரொம்பப் பழைய படம்னா லென்ஸ் நிமிஷக் கணக்குல தெறந்து இருந்திருக்கும், நடந்து போனவன் பதியவே மாட்டான். போட்டோ புடிக்கற முறையைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டாகர் 1838ல பாரிஸ்ல ஒரு பெரிய தெருவை எடுத்தாரு, வண்டியும் ஜனமும் போய்ட்டு வந்துட்டு இருந்த தெரு, படத்துல காலியா கெடக்கு, ஷூ பாலிஷ் போட ஒரே எடத்துல நின்ன ஆள் மட்டும் தெரியறான். உங்க படத்துலயும் படிக்கட்டு பக்கம் புகை மாதிரி ஏதாவது கலைஞ்சு தெரியுதான்னு பாருங்க, அது யாரோ ஒரு ஸ்டூடண்டா இருக்கலாம். பிற்காலத்துப் படம்னா போட்டோகிராஃபரே எல்லாரையும் வெரட்டி விட்டிருப்பாரு, அதுல ஒரு மர்மமும் இல்ல.

ஆனா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கற பழக்கம் வேணும். டாகர் மாதிரியே இன்னொரு முன்னோடியான டால்பாட் 1844ல போட்டோ ஒட்டி வெளியிட ஆரம்பிச்ச புத்தகத்துல முதல் படமே ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு காலேஜ் கட்டிடம்தான். எடுத்தவனுக்கே தெரியாம செவுத்துல ஒட்டின நோட்டீஸும் தூரத்துல இருக்கற கடிகாரத்தோட மணியும் படத்துல விழுந்துடும்னு அவர் அதுலயே எழுதியிருக்காரு. பாக்கறதுக்குப் பொறுமை இருந்தா கட்டிடம் பேசும். உங்க கமிட்டிக்கு அந்தப் பொறுமை இருக்கான்னு எனக்கு சந்தேகம், ஏன்னா நேரா கலர் பண்ணப் போய்ட்டீங்க.

என்ன கலர் போடுவீங்க? ஃபிலிமுக்கு பதிலா அப்ப கேமராவுல போட்ட பழைய கண்ணாடி பிளேட்டுக்கு நீலம் நல்லா தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனாலதான் அந்தக் காலத்துப் படத்துல வானம் எப்பவும் வெள்ளை வெளேர்னு இருக்கு, மேகமே இருக்காது. அதே கணக்குல சிவப்பு ஜெர்சி கறுப்பா விழும், நீல ஜெர்சி வெளுத்துப் போய்த் தெரியும். எல்லா நிறமும் புடிக்கற பான்குரோமாட்டிக் பிளேட் 1906லயே விற்பனைக்கு வந்தாலும் பழைய வகை அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடிச்சு. உங்க ஏஐக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு கறுப்பா இருக்கேன்னு கறுப்பு அடிச்சு விடும், செவப்புச் சட்டையில ஜெயிச்ச டீம் மலர்ல துக்கம் கேக்க வந்த மாதிரி நிக்கும். கலர் பண்ணியே ஆகணும்னா நோட்டுப் புத்தகத்துல, ரெக்கார்டுல ஜெர்சி நிறம் என்னன்னு எழுதியிருக்கான்னு தேடிட்டுப் பண்ணுங்க. பண்ணாம விட்டா இன்னும் சந்தோஷம்.

இப்ப அட்டை. அசிங்கமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு, அப்புறம்தான் அந்தக் கோவம் உங்க மேல இல்லைன்னு தெரிஞ்சுது.

நான் செகண்ட் இயர் படிக்கறப்ப எங்க காலேஜ்ல ஒரு விழா வந்துச்சு. பழைய டீம் போட்டோ எல்லாம் ஹால்ல வரிசையா மாட்டணும், எல்லா ஃபிரேமும் ஒரே சைஸ்ல இருக்கணும்னு உத்தரவு. அட்டையோட சேந்தா ஃபிரேம்ல அடங்காது. கை சுத்தமா வேலை செய்யற பையன் யாருன்னு கேட்டாங்க, எல்லாரும் என்னைக் காட்டினாங்க, எனக்கு ஒரே பெருமை. ஒரு மத்தியானம் பூரா ஸ்கேல் வச்சு, பிளேடு போட்டு, ஓரம் பிசிறில்லாம வெட்டினேன். அந்த ஓரத்துல என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க? நிற்பவர்கள், நாற்காலியில், தரையில், இடமிருந்து வலமா எல்லாப் பேரும், வருஷமும். சாம்பல் நிற அட்டையில வெள்ளை மையில யாரோ பொறுமையா எழுதின எழுத்து. நாங்க அதுல ரெண்டு பேரை சத்தமா படிச்சு சிரிச்சோம், பழங்காலத்துப் பேருன்னு. வெட்டின துண்டெல்லாம் ஒரு சாக்குல போய்டுச்சு.

முப்பது வருஷம் கழிச்சு ஒரு அம்மா அந்த ஹாலுக்கு வந்தாங்க, ஏதோ வேலையா நானும் அன்னிக்கு அங்க போயிருந்தேன். அவங்க அப்பா அந்த காலேஜ்ல ஹாக்கி ஆடினவராம், இவங்க கைக்குழந்தையா இருக்கறப்பவே போய்ட்டாராம், வீட்ல ஒரு போட்டோகூட கெடையாது. எதுல இருக்காருன்னு கேட்டாங்க. நடுவுல பந்து வச்சுட்டு கேப்டன், கை கட்டிட்டு நிக்கறவங்க, ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி வகிடு, எத்தனை படம்! ஒவ்வொண்ணா நின்னு பாத்தாங்க. ஒருத்தரைக் காட்டி இவரா இருக்குமோன்னாங்க, அடுத்த ஃபிரேம்ல இன்னொருத்தரைக் காட்டினாங்க. வெட்டினது நான்தான்னு நான் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல, இப்பதான் எழுதறேன்.

சில அட்டைல கடைசி வரியில 'வராதவர்'னு போட்டு ஒரு பேர் இருக்கும், போட்டோ எடுத்த அன்னிக்கு ஜுரமோ என்னவோ வந்து விட்டுப்போன ஆள். அந்த மனுஷன் டீம்ல இருந்தாருங்கறதுக்கு அந்த வரி மட்டும்தான் சாட்சி, மூஞ்சி எங்கயும் கெடையாது. அந்தம்மா அப்பாவும் அப்படி ஒரு வரியில இருந்திருந்தா அவங்க எத்தனை ஃபிரேம் பாத்தாலும் கெடைச்சிருக்க மாட்டாரு. நான் சாக்குல போட்டதுல அவர் இருந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது.

டிபிஐ கேட்டிருந்தீங்க, 600 போதும். அட்டையோட சேத்து முழுசா எடுங்க, திருப்பிப் போட்டு பின்பக்கமும் எடுங்க, பின்னாடி ஸ்டூடியோ முத்திரையோ பென்சில்ல கிறுக்கினதோ இருக்கும். நீங்க புதுசா ஏதாவது எழுதறதா இருந்தா சாஃப்ட் பென்சில்ல லேசா எழுதுங்க, பால் பாயிண்ட் பேனாவைத் தொடாதீங்க. பெட்டியில நெகட்டிவ் இருந்து வினிகர் வாசனை அடிச்சா அதை மத்ததோட வைக்காம தனியா எடுத்து வச்சுடுங்க. பூச்சி அரிச்ச அட்டையில பேர் வெளங்கலைன்னா ஸ்கேனை எனக்கு அனுப்புங்க, லென்ஸ் இருக்கு, நேரமும் இருக்கு, நான் உக்காந்து படிச்சு சொல்றேன்.