கணவரை ஏஏ கூட்டத்துக்கு எப்படி அனுப்புவது?

கேள்வி: செந்தூலில் இருக்கிறோம். என் கணவருக்கு 46 வயது, தினமும் சம்சு (மலிவான சாராயம்) குடிப்பார். தீபாவளிக்குப் பிறகு அவராகவே நிறுத்தினார். மறுநாளே கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பழையபடி குடித்துவிட்டார். இப்போது ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறார். எங்கே தேடுவது? அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தேவாலயத்தில் நடக்கிறதாமே, மதம் மாற்றிவிடுவார்களா? நானும் கூடப் போகலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. இந்த நான்கு நாளைக் கடக்க மருத்துவர்தான் வேண்டும், கூட்டத்தில் இருப்பவர்களால் முடியாது. ஏற்கனவே நடுங்கியவர் என்பதால் இந்த முறை வீட்டிலேயே சட்டென்று நிறுத்த விடாதீர்கள்.

பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). குடிக்கும் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். கூச்சத்தில் பாதியை மறைத்தால் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையின் அளவும் குறைந்துவிடும். பி1 வைட்டமின் தருவார்களா என்றும் கேளுங்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், மூளையைப் பாதிக்கும். தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். பினாங்கு வாசகர்களுக்கும் வழி இதுதான்: கிளினிக், பிறகு பினாங்கு மருத்துவமனை. வலிப்போ குழப்பமோ வந்தால் காத்திருக்காமல் 999.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குடியை மறக்கடிக்கும் மருந்து என்று சோற்றில் தெரியாமல் கலக்கச் சொல்வார்கள், சொல்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். டைசல்ஃபிராம் போன்றவற்றைச் சாப்பிட்டவர் அது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும்.

இனி கூட்டம். இணையத்தில் 'ஏஏ மலேசியா' என்று தேடினால் கிழமை, நேரம், இடம் போட்ட அட்டவணை கிடைக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பொது விடுமுறையில் கூட்டம் இல்லாமல் போகலாம், இடமும் மாறலாம். அன்று பகலில் தொடர்பு எண்ணுக்கு அழைத்து எந்த வாசல், எந்த மாடி என்று கேட்க வேண்டும். வெளியே பெரிய பெயர்ப்பலகை இருக்காது. பலர் முதல் நாளே வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி, நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த அழைப்பை உங்கள் கணவரே செய்யட்டும். 'தமிழ் பேசுகிறவர் யாராவது அன்று வருவாரா?' என்று அவர் வாயாலேயே கேட்கட்டும்.

கோலாலம்பூர் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழுக்கு, தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையத்தில் நடத்தும் கூட்டங்கள் உண்டு. சென்னையில் இரவு 7 மணி என்றால் நமக்கு 9.30. ஆனால் திரையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். சம்பள நாள் சாயங்காலம் கூப்பிட்டால் ஓடிவர உள்ளூர் ஆள் வேண்டும்.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். கட்டணம், பதிவேடு, அடையாள அட்டை எதுவும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்கள். பேச விருப்பமில்லையா, 'இன்று கேட்கிறேன்' என்றால் விட்டுவிடுவார்கள். செலவுக்குப் பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. முடிந்தவுடன் நழுவுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தேநீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொலைபேசி எண்கள் கைமாறும். புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர்தான் துணையாளர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் துணை என்பது வழக்கம். துணையாளர் யாராவது பணம் கேட்டாலோ, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அவரை விட்டு விலகுங்கள்.

தேவாலயம் வெறும் வாடகை இடம். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் என்ற சொல் வரும், பிரார்த்தனையும் உண்டு. அவர் மனதில் முருகனை நினைத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதுவும் ஒத்துவரவில்லை, ஆங்கிலம் ஓரளவு சமாளிப்பார் என்றால் கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரிக்கவரி இணையக் கூட்டங்களைப் பார்க்கலாம்.

நீங்கள் 'திறந்த' கூட்டங்களுக்குப் போகலாம். 'மூடிய' கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். உங்களைப் போன்றவர்களுக்கென்றே 1951இல் உருவானது ஆல்-அனான். அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். போத்தலை ஒளித்து வைப்பது, அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வது இதெல்லாம் அங்கே வெளிப்படையாகப் பேசப்படும்.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறு வேறு குழுவாக ஐந்தாறு முறை போய்ப் பார்க்கட்டும். நடுவில் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போகலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் மறுபடி நிறுத்தும் முன் கிளினிக்கில் காட்டிவிட்டு வாருங்கள். மனம் தாங்காமல் போனால், உங்களுக்கோ அவருக்கோ, ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.