கோசா இளைஞர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மலைக்குப் போகிறார்கள்?

"சுன்னத் சடங்கில் வருஷா வருஷம் பையன்கள் சாகிறார்கள் என்று தெரிந்தும் கோசா மக்கள் ஏன் ஆஸ்பத்திரியில் செய்துகொள்வதில்லை, படிப்பறிவு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோசா மக்கள் அதிகம் வாழும் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், மத்தாத்தா ஊர்ப் பக்கம் சில காலம் வேலை பார்த்தவன் நான். என்னோடு இருந்த எஞ்சினியர், கணக்கர், வாத்தியார் எல்லாரும் மலைக்குப் போய் வந்தவர்கள் (இந்தச் சடங்குக்குப் போவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), தங்கள் பையன்களையும் அனுப்புகிறவர்கள்.

நாம் சுன்னத் என்றால் அந்த வெட்டை மட்டும் நினைக்கிறோம். அவர்கள் உல்வாலுகோ என்று சொல்வதில் வெட்டு ஒரு நொடி வேலை. பையன் வலியில் முகம் சுளிக்காமல் "நான் ஆண்மகன்" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் விஷயமே: ஊருக்கு வெளியே குடிசை, உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண், ஒரு போர்வை, காயத்துக்கு மூலிகை இலைக்கட்டு, பெரியவர்களின் புத்திமதி. முன்பு மாதக்கணக்கில் இருந்தார்கள், இப்போது ஸ்கூல் லீவுக்குள் முடித்தாக வேண்டும், மூன்று நான்கு வாரம்தான். கடைசியில் குடிசையைச் சாமான்களோடு கொளுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டும். ஊரில் விருந்து, புது உடுப்பு, புதுப் பெயர். இதில் எது ஆஸ்பத்திரியில் கிடைக்கும்?

போகாதவன் நாற்பது வயதானாலும் "பையன்"தான். குடும்பப் பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாது, முன்னோர் சடங்கில் ஆண்களோடு உட்கார முடியாது, கல்யாணப் பேச்சும் இழுபடும். ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொண்டவனுக்கும் பல இடங்களில் இதே கதிதான். மண்டேலா தன் 16 வயதில், 1934இல், ம்பாஷே ஆற்றங்கரையில் இந்தச் சடங்கை முடித்தவர். மற்ற பையன்கள் சட்டென்று கத்தினார்கள், நான் ஒரு கணம் தடுமாறினேன், வெட்கமாக இருந்தது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்த மனுஷருக்கு அந்த ஒரு கணம் மறக்கவில்லை பாருங்கள்.

சரி, சாவுக்கு வருவோம். கத்தி சுத்தமில்லாததும் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரியது பிறகு நடக்கும் கவனிப்பு. முதல் எட்டு நாள் தண்ணீர் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. டிசம்பரில் அங்கே கொளுத்தும் கோடை. உடம்பில் நீர் வற்றி கிட்னி போய்விடுகிறது. காயத்தின் இலைக்கட்டை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று உறுப்பு அழுகுகிறது. அப்படி இழந்த ஓர் இளைஞனுக்குத்தான் 2014 டிசம்பரில் கேப்டவுன் டைகர்பெர்க் மருத்துவமனையில் ஆணுறுப்பு மாற்று அறுவை செய்தார்கள், உலகத்திலேயே வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் அது.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் "எல்லாம் போலிப் பள்ளிகளால் வருகிறது" என்பார்கள். பள்ளி என்றால் இந்தச் சடங்கை நடத்தும் குடிசை முகாம், போலி என்றால் பதிவோ அனுமதியோ இல்லாதது. அவர்கள் சொல்வது பாதி உண்மை. சாவு அதிகம் விழுவது லுசிகிசிகி, ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற ஊர்களில், அதே மாகாணத்தின் போண்டோலாந்து பகுதியில். அங்கே ஃபாகு என்ற அரசர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். பிற்பாடு திரும்பி வந்தபோது, சொல்லிக்கொடுக்க அனுபவப்பட்ட கிழவர்கள் போதவில்லை. போன வருஷம் மலைக்குப் போன பையன் இந்த வருஷம் மற்றப் பையன்களைக் கவனிக்கும் காவலன். அப்பாக்கள் பலர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுரங்க வேலையில். அம்மா தனியாக வளர்க்கும் வீட்டில் பையன் சொல்லாமல் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுகிறான், அவளோ குடிசைப் பக்கமே போகக் கூடாது. பிணம் வரும்போதுதான் தெரிகிறது.

ஆனால் பழியை முழுக்கப் போலிகள் தலையில் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் வந்த பையன் ஏன் வாய் திறப்பதில்லை? பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயுசு முழுக்க "தோற்றவன்" என்ற பேச்சு கேட்க வேண்டும். அந்தக் கேலியை உண்டாக்கியது போலிகள் இல்லை, மரியாதைப்பட்ட பெரியவர்களே. மலையில் நடந்ததை வெளியே பேசக்கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டால் அடித்தவன், பட்டினி போட்டவன் எல்லாம் தப்பிவிடுகிறான்.

தடை செய்யலாமே என்பீர்கள். நான் பேசிய யாருமே, மகனைப் பறிகொடுத்த உறவுக்காரர்கள் உட்பட, நிறுத்தச் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தச் சொல்கிறார்கள். 2021இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது: 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக்கூடாது, பள்ளிக்குப் பதிவு வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். பதிவில்லாத குடிசைகள் அப்புறமும் முளைக்கத்தான் செய்கின்றன. இதற்கிடையில் சில குடும்பங்கள் தாங்களே ஒரு வழி கண்டிருக்கின்றன. வெட்டுவது டாக்டர், பிறகு குடிசை, களிமண், புத்திமதி எல்லாம் பழையபடி, தண்ணீர் மட்டும் கேட்டபோது கிடைக்கும். கிராமத்தில் சிலர் இதையும் கிண்டல் செய்கிறார்கள். என் கூட வேலை பார்த்த எஞ்சினியர் தன் மகனை இப்படித்தான் அனுப்பினார், கேட்கிறவர்களிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை.