ஸ்டியரிங்கில் தெரிவது பளபளப்பு அல்ல, அழுக்கு

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குத் தினமும் கார் ஓட்டுகிறேன், தோல் ஸ்டியரிங் பிசுபிசுக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து தடவாதீர்கள். புதிதில் அந்தத் தோல் பளபளப்பில்லாமல்தானே இருந்தது? இப்போது மின்னுவது கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரமும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு குவளைத் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். தையல் இடுக்குக்கு மென்மையான பழைய டூத்பிரஷ். அப்புறம் வெறும் ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. தண்ணீரை நேராகத் தெளிக்க வேண்டாம், பட்டன்களுக்குள் இறங்கிவிடும்.

கையில் போட்ட சானிடைசர் காயும் முன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்தே என் பழைய காரில் தோல் உரிந்தது. ஆல்கஹால் மேற்பூச்சை அரித்துவிடும். டாஷ்போர்டு பாலிஷும் கூடவே கூடாது: திருப்பத்தில் கை வழுக்கினால் ஆபத்து.

வெயிலில் நிறுத்தும்போது ஸ்டியரிங் மேல் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள்.