பெண்ணோடு வந்த 320 ஏக்கர்

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆரம்பத்தில் குடியேறியவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக நிலம் கொடுத்ததாமே? அவர்களின் உழைப்பைப் பற்றிச் சொல்லுங்களேன். (ஒரு வாசகர், தேனி)

பதில்: உழைப்பைப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். மாட்டு வண்டி கட்டி 3,200 கிலோமீட்டர் வந்தார்கள், வழியில் காலராவில் செத்தார்கள், எல்லாம் வாஸ்தவம். எனக்கு அந்த ‘இலவச’த்தில்தான் சுவாரசியம்.

1850-இல் வந்த சட்டப்படி, அதற்குள் குடியேறிவிட்ட வெள்ளைக்காரப் பிரம்மச்சாரிக்கு 320 ஏக்கர். கறுப்பினத்தவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. கல்யாணமானவருக்கு 640, அதில் பாதி மனைவி பெயரிலேயே. பிரம்மச்சாரிகளுக்கும் ஒரு வருஷம் கெடு கொடுத்தார்கள்: 1851 டிசம்பர் 1-க்குள் கல்யாணத்தை முடித்தால் அவர்களுக்கும் 640. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. நிறம், குணம் எதையும் பார்க்கவில்லை, காலண்டரைத்தான் பார்த்தார்கள். வரதட்சணையை மாமனாருக்குப் பதில் சர்க்காரே கொடுத்தால் எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்திருப்பான்? பதினைந்து வயதுகூட ஆகாத சிறுமிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, அது யார் வீட்டு நிலம்? குடியேறியவர்கள் அதிகம் பிடித்த விலாமெட் பள்ளத்தாக்கு, கலபூயா என்ற பழங்குடி மக்களுடையது. அவர்களோடு அமெரிக்கா போட்ட ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது 1855-இல். கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் கழித்து எழுதி வாங்கினார்கள்! மறு வருஷமே அவர்களை கிராண்ட் ரோண்ட் என்ற பழங்குடி ஒதுக்கிடத்துக்குத் துரத்தியாயிற்று.

பசியோடு வந்து இறங்கியவர்களுக்கு விதையும் உணவும் கடனாகக் கொடுத்தவர், ஹட்சன்ஸ் பே என்ற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனியின் அதிகாரி ஜான் மெக்லாக்லின். அதே 1850 சட்டத்தில் அவருக்கென்றே தனிப் பிரிவு எழுதி, ஓரிகன் சிட்டியில் அவர் வைத்திருந்த நிலத்தைப் பிடுங்கினார்கள். 1857-இல் அவர் இறந்து, இன்னும் ஐந்து வருஷம் போன பிறகுதான் வாரிசுகளுக்கு அது திரும்பியது, ஆயிரம் டாலர் கட்டியபின்.

ஓரிகன் என்றதும் இன்னொன்று. எங்கள் பத்திரிகையின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லி மாதம் தவறாமல் எழுதும் நியூமராலஜி அன்பர் கவனிக்கவும். 1845-இல் அங்கே ஓர் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. நிலத்துக்கு இரண்டு பங்காளிகள். லவ்ஜாய் ‘பாஸ்டன்’ என்றார்; பெட்டிகுரோவ் மெய்ன் மாநிலத்து ‘போர்ட்லாந்து’ என்றார். கூட்டுத்தொகை பார்க்காமல் காசைச் சுண்டினார்கள். மூன்றில் இரண்டு பெட்டிகுரோவுக்கு விழுந்தது. ஓரிகனிலேயே பெரிய ஊர் இன்று அதுதான். நீங்கள் சொல்லும் எழுத்தை உங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.